கன்சம்ப்ஷன்: நுகர்வா, நோயா? ரெண்டும் ஒரே வார்த்தைதானா?

கேள்வி
ஜனவரி 6, 2025

பி.ஏ. எகனாமிக்ஸ், தமிழ் மீடியம். பாடத்துல கன்சம்ப்ஷன்னா நுகர்வுன்னு இருக்கு. போன வாரம் லைப்ரரில ஒரு பழைய கட்டுரை படிச்சேன், இங்கிலீஷ் கவிஞர் ஜான் கீட்ஸ் 25 வயசுல கன்சம்ப்ஷன்ல செத்துப்போனார்னு போட்டிருந்துச்சு. அளவுக்கு மீறி சாப்பிட்டா, குடிச்சா? டிக்ஷனரில தேடினா காசநோய்னு வருது. ஒரே ஸ்பெல்லிங்ல தற்செயலா அமைஞ்ச ரெண்டு வார்த்தையா, இல்ல ஒண்ணேதானா? ஒண்ணுன்னா நுகர்வுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?

ஜனவரி 6, 2025, ராத்திரி

ஒண்ணேதான். இந்த கேள்விக்கு என்கிட்ட சொல்ல நிறைய இருக்கு, ஏன்னா நான் இந்த பாடத்தைத்தான் காலேஜ்ல நடத்துறேன், அந்த நோயும் எனக்கு வந்து போயிருக்கு. ஒரே மூச்சுல முடியாது, ஞாபகம் வர வர எழுதுறேன்.

வேர் லத்தீன். கொன்சூமெரே. "சூமெரே"ன்னா எடுக்கிறது, முன்னால நிக்கிற "கொன்" அதை அழுத்திச் சொல்லுது. மிச்சம் மீதி இல்லாம எடுத்து முடிச்சுடுறது. நெருப்பு வீட்டை எடுத்துக்கிட்டாலும் அந்த வார்த்தைதான், ஒருத்தன் அப்பன் சொத்தை அழிச்சாலும் அதேதான், நோய் உடம்பை கரைச்சாலும் அதேதான். சூமெரேயை இன்னும் பிரிச்சா உள்ள "எமெரே" இருக்கு, அதுக்கும் முதல்ல எடுக்கிறதுன்னுதான் அர்த்தம், பிறகு காசு குடுத்து வாங்குறதுன்னு ஆயிடுச்சு. வாங்குறவன் ஜாக்கிரதையா இருக்கணும்னு சட்டத்துல ஒரு பழைய லத்தீன் வாசகம் இருக்கே, கேவியட் எம்ப்டர், அந்த எம்ப்டர் இந்த எமெரேயோட பிள்ளை. நம்ம நாட்டுல 1986ல நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் வந்ததே அந்த வாசகத்தோட பாரத்தை வாங்குறவன் தலையிலிருந்து விக்கிறவன் பக்கம் நகர்த்தத்தான்.

ஜனவரி 7, 2025

நேத்து ஒண்ணை விட்டுட்டேன், அதுதான் முக்கியம். எது முதல்ல வந்துச்சுங்கறது. பொருளாதார அர்த்தம் மூத்தது, நோய் அர்த்தம் பிறகு உருவகமா வந்துச்சுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. இங்கிலீஷ்ல நடந்தது தலைகீழ். 14ஆம் நூற்றாண்டு கடைசியிலேயே கன்சம்ப்ஷன்னா உடம்பு உருகி மெலிஞ்சு போறதுதான். பொருளை உபயோகிச்சு தீர்க்கிறதுங்கற அர்த்தம் 16ஆம் நூற்றாண்டுல, உற்பத்திக்கு எதிர்ப்பதமா பொருளாதாரத்துக்குள்ள நுழையறது 17ஆம் நூற்றாண்டுல. அதாவது ஆடம் ஸ்மித் 1776ல உற்பத்தியோட ஒரே நோக்கம் கன்சம்ப்ஷன்தான்னு எழுதுறப்ப, அந்த வார்த்தை சாவு வீட்டுல புழங்க ஆரம்பிச்சு நாலு நூற்றாண்டு ஆயிருந்துச்சு. அன்னைக்கு அதைப் படிச்சவங்க காதுல ரெண்டும் சேர்ந்துதான் விழுந்திருக்கும்.

ழான் பத்தீஸ்த் சேன்னு ஒரு பிரெஞ்சு பொருளாதாரவாதி, 1803ல ஒரு நூல் போட்டார். உற்பத்தின்னா பொருளைப் படைக்கிறது இல்ல, பயன்பாட்டைப் படைக்கிறது, கன்சம்ப்ஷன்னா அந்த பயன்பாட்டை அழிக்கிறது அப்படிங்கறார். இந்த வரியை நான் கிளாஸ்ல சொல்ற ஒவ்வொரு வருஷமும் பசங்க முழிப்பாங்க, "மேடம், நுகர்வுங்கறது நல்ல விஷயம்தானே, அழிக்கிறதுன்னு ஏன் சொல்றாரு?"ன்னு ஒருத்தராவது கேப்பாங்க. நியாயமான கேள்வி. நுகர்வுங்கற சொல்லுல அழிவோட நிழலே கிடையாது. இதைப் பத்தி தனியா எழுதணும்.

ஜனவரி 9, 2025

நோய் பக்கம் கொஞ்சம் சொல்லிட்டு வர்றேன், இது என் உடம்புக்குத் தெரிஞ்ச கதை.

வேலைக்கு சேர்ந்த புதுசு, வெளியூர்ல மாடி ரூம் எடுத்து தங்கியிருந்தேன். சாயங்காலமானா லேசா காய்ச்சல், ராத்திரி தலகாணி நனையற அளவுக்கு வேர்வை, இருமல் அப்புறம்தான் வந்துச்சு. எல்லாத்துக்கும் முன்னாடி வந்தது மெலிவு. ஜாக்கெட்டை பிடிச்சு தைக்க வேண்டியதாச்சு, வளையல் கையைத் தூக்கினா முழங்கை வரைக்கும் ஓடும். வேலை செய்யற எடத்துல "என்ன டயட்டா, நல்லாருக்கே"ன்னு கேட்டவங்களும் உண்டு. பசியே இல்ல, சோத்தைப் பார்த்தாலே வெறுப்பு, ஆனா உள்ள ஏதோ ஒண்ணு நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்குங்கற உணர்வு மட்டும் விடாம இருந்துச்சு. கன்சம்ப்ஷன்னு அந்த நோய்க்கு ஏன் பேர் வச்சாங்கன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

கவர்மென்ட் ஆஸ்பத்திரில காலைல எழுந்ததும் வர்ற முதல் சளியை டப்பால பிடிச்சு குடுக்கச் சொன்னாங்க, பாசிட்டிவ். அப்பல்லாம் டாட்ஸ்ங்கற அரசாங்க டி.பி. வைத்தியத் திட்டத்துல நோயாளி பேர் எழுதின சிவப்பு டப்பா ஒண்ணு இருக்கும், மொத்த கோர்ஸ் மாத்திரையும் அதுக்குள்ள, வாரம் மூணு நாள் அங்க போய் அவங்க கண்ணு முன்னாடி முழுங்கணும். இப்ப அது மாறி தினமும் சாப்பிடுற மாத்திரை ஆயிடுச்சு. அதுல ரிஃபாம்பிசின்ங்கற மாத்திரை போட்ட அன்னைக்கு மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால பயப்படல. மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ஒரு நாள் மத்தியானம் திடீர்னு புளிக்குழம்பு வாசனைக்கு பசிச்சுச்சு பாருங்க, அந்த பசியை இன்னைக்கும் மறக்க முடியல.

வீட்டுக்காரம்மா எனக்குன்னு தனி டம்ளர் வச்சாங்க, மாத்திரை ஆரம்பிச்சு சளி டெஸ்ட் நெகட்டிவ் ஆன பிறகும் அந்த டம்ளர் மாறல. டி.பி. டம்ளர்ல பரவாது, காத்துலதான் பரவும். அவங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்ல, யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல. ஆனா அன்னைக்கு அது நோயை விட அதிகமா என்னைத் தின்னுச்சு.

ஜனவரி 10, 2025

தமிழ்ப் பேருங்க. காசம்னா இருமல், சமஸ்கிருதத்துல இருந்து வந்தது. அதனால காசநோய்ங்கற பேர்ல மெலிவே இல்ல. எலும்புருக்கி நோய்ங்கறது நம்ம பாட்டிங்க வாயில இருந்த பேரு, கன்சம்ப்ஷனுக்கு ரொம்ப கிட்ட நிக்கிறது அதுதான். இளைப்புன்னும் சொல்லுவாங்க, அதுல மெலியறதும் இருக்கு, மூச்சு வாங்குறதும் இருக்கு. அப்புறம் க்ஷயம், சயரோகம்.

இந்த க்ஷயத்தை கொஞ்சம் பிடிச்சு இழுத்தா எங்கயோ போகுது. க்ஷயம்னா குறையறது, தேயறது. கிரேக்க வைத்தியர்கள் இதே நோய்க்கு வச்ச பேர் ஃப்திஸிஸ், அதுக்கும் தேயறதுன்னுதான் அர்த்தம், மொழியியல்காரங்க கணக்குப்படி க்ஷயமும் ஃப்திஸிஸும் ஒரே மூல வேர்ல இருந்து பிரிஞ்ச ரெண்டு கிளை. இதுல எனக்கு மயிர்க்கூச்செறியற விஷயம் நிலா. ஏதென்ஸ்ல பழைய நாள்காட்டில மாசத்தோட கடைசி பத்து நாளை தேயற மாசம்னு அந்த வினைச்சொல்லாலதான் குறிச்சாங்க. நம்ம பக்கம் பார்த்தா, தட்சன் தன்னோட 27 பொண்ணுங்களை சந்திரனுக்குக் கட்டி வைக்கிறான், சந்திரன் ரோகிணி வீட்டுலயே கெடக்கான், மத்தவங்க அப்பாகிட்ட அழறாங்க, தட்சன் க்ஷயரோகம் வரட்டும்னு சாபம் விடறான். அதுதான் தேய்பிறை. ராஜயக்ஷ்மான்னு ஆயுர்வேதத்துல பேர் வந்தது இந்த நோய் முதல்ல பிடிச்ச ராஜா சந்திரன்ங்கறதால. வானத்துல மாசா மாசம் மெலியற நிலாவைப் பார்த்து ரெண்டு நாட்டுலயும் ஒரே வேரை எடுத்திருக்காங்க, வீட்டுல மெலியற மனுஷனுக்கும் அதையே வச்சிருக்காங்க.

ஜனவரி 10, 2025, திரும்பவும்

க்ஷயத்துக்கு முன்னால ஒரு "அ" போடுங்க. அக்ஷயம். குறையாதது. அட்சய பாத்திரம், அட்சய திருதியை! டி.நகர்லயும் கோயம்புத்தூர்லயும் விடியக்காலை கதவு திறக்கற நகைக்கடை வாசல்ல நிக்கிற கூட்டத்துக்கும், க்ஷயரோகக்காரங்களைத் தங்க வச்சு வைத்தியம் பார்த்த சானடோரியத்துக்கும் ஒரே வேர்.

அரசாங்கமும் இந்த வேரைத்தான் எடுத்திருக்கு. இந்தியா முழுக்க டி.பி. நோயாளிகளைப் பதிவு பண்ற கம்ப்யூட்டர் திட்டத்துக்கு பேர் நிக்ஷய், க்ஷயம் இல்லாமல் ஆக்குறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி. நோயாளி சத்தா சாப்பிட மாசம் 500 ரூபா பேங்க்ல போடற நிக்ஷய் போஷண் திட்டம் 2018ல வந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து அது 1000 ரூபா.

ஜனவரி 13, 2025

நுகர்வு பத்தி தனியா எழுதுறேன்னு சொன்னேனே, போகி வேலைக்கு நடுவுல உக்காந்து எழுதுறேன், கோர்வையா இருக்காது.

நுகர்னா அனுபவிக்கிறது, புலனால உணர்றது. குறிப்பா வாசனை. பூவை நுகர்ந்தான்னு சொல்லுவோம். இப்ப யோசிங்க, நான் மல்லிகையை மோந்து பார்க்கறதால மல்லிகை குறையுதா? இல்ல. பக்கத்துல நிக்கிறவங்களுக்கு வாசனை கம்மியாகுதா? அதுவும் இல்ல. எகனாமிக்ஸ்ல இதுக்குத்தான் போட்டியிலாப் பண்டம்னு பேரு, ஒருத்தர் அனுபவிக்கறதால இன்னொருத்தருக்குக் குறையாத பொருள், தெருவிளக்கு வெளிச்சம் மாதிரி. ஆக கன்சம்ப்ஷன்ங்கற, எடுத்து முடிச்சுடற சொல்லுக்கு, எதுவுமே குறையாத ஒரு செயலை நாம பேரா வச்சிருக்கோம். யார் முதல்ல இந்த சொல்லை எடுத்தாங்களோ அவங்க காதுல இனிமையா பட்டிருக்கும். எனக்கும் பிடிச்ச சொல்தான். ஆனா கிளாஸ்ல நிலத்தடி நீர் நுகர்வு, நிலக்கரி நுகர்வுன்னு சொல்றப்ப எனக்கு உறுத்துது. ஆழ்துளைக் கிணத்துல தண்ணி 100 அடியில இருந்து 800 அடிக்குப் போனதை நுகர்வுன்னு எப்படி சொல்றது?

பழைய நூல்ல துய்த்தல்னு ஒரு சொல் இருக்கு. வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது, குறள் 377. கோடி சேர்த்தவனுக்கும் அனுபவிக்கக் குடுத்து வச்சாதான் உண்டு. அங்கயும் அனுபவிக்கிறதுதான் பொருள், அழிக்கிறது இல்ல. சேர்க்கிறது வேற, துய்க்கிறது வேறன்னு பிரிச்சுக் காட்டறது மட்டும் பொருளாதாரத்துக்கு ரொம்ப உதவும், சேமிப்பும் நுகர்வும்னு நாங்க ஒரு பாடம் முழுக்க நடத்தறது அதைத்தான்.

ஜனவரி 15, 2025

மாட்டுப் பொங்கல். தம்பி வண்டியை ரெடி பண்ண மெக்கானிக் வந்தார், பானெட்டைத் திறந்து பார்த்துட்டு "இன்ஜின் ஆயில் சாப்பிடுதுங்க"ன்னார். நான் அப்படியே நின்னுட்டேன். இதுதானே கன்சம்ப்ஷன்!

நாம பேசறப்ப நுகர்வுன்னே சொல்றதில்ல. வண்டி பெட்ரோல் குடிக்குது. ஏசி கரண்ட்டை இழுக்குது. கல்யாணம் காசை முழுங்குது. கரையான் கதவைத் தின்னுது, துரு இரும்பைத் தின்னுது, கவலை ஆளைத் தின்னுது. குடிசை தீக்கிரை ஆச்சுன்னு பேப்பர்ல தினம் படிக்கிறோம், தீக்கு இரை, தீயோட சாப்பாடு, லத்தீன்காரன் எதுக்கு கொன்சூமெரேன்னானோ அப்படியே அதுதான். கொஞ்சம் சாதுவான சொல் வேணும்னா செலவு இருக்கு. மாசத்துக்கு எவ்வளவு அரிசி செலவாகுதுன்னுதான் கேப்போம். கொங்கு பக்கம் மசாலா சாமானையே செலவுன்னு சொல்லுவாங்க, செலவு ரசம் சாப்பிட்டிருக்கீங்களா, சளிக்கு அதை விட்டா ஆளில்ல.

தின்னறது, குடிக்கறது, முழுங்கறது, இரை, செலவு. பாடப்புத்தகத்துல இல்லாத அழிவு எல்லாம் இங்க இருக்கு.

ஜனவரி 16, 2025

கன்ஸம்மேஷனும் இதுவும் ஒண்ணான்னு கேட்டிருக்காங்க. இல்ல. அது "ஸும்மா", கூட்டுத்தொகை, உச்சி, அங்கிருந்து வந்தது, நிறைவு பண்றதுன்னு அர்த்தம். கணக்குல சம் போடறோமே அந்த சம். ரெண்டும் காதுக்கு ஒண்ணா கேக்கறதால சர்ச் லத்தீன்லயே குழம்பிடுச்சு. பிரெஞ்சுல அந்தக் குழப்பம் நிரந்தரமே ஆயிடுச்சு: அங்க நுகர்வுக்கு கொன்ஸொமாஸியோன், அது நிறைவு பண்ற வேர்ல இருந்து வந்த சொல். தீயில எரிஞ்சு கரையறதுக்கு மட்டும் இன்னொரு சொல் தனியா ஒதுங்கி நிக்குது. ஹோட்டல் மெனுல பார்க்கற கொன்ஸொமே சூப்பும் அந்த நிறைவு குடும்பம்தான், கொதிக்க வச்சு சாரத்தை முழுமையாக்குன சூப்.

ஜனவரி 19, 2025

தின்னறதுங்கறதை நிஜமாவே நம்பினவங்க கதை ஒண்ணு. அமெரிக்கால ரோட் ஐலண்ட் மாநிலம், எக்ஸிட்டர்ங்கற ஊர். பிரவுன்னு ஒரு விவசாயக் குடும்பம். அம்மா கன்சம்ப்ஷன்ல போயிட்டாங்க, மூத்த பொண்ணு போயிடுச்சு, 1892 ஜனவரில மெர்ஸிங்கற 19 வயசுப் பொண்ணும் போயிடுச்சு, பையன் எட்வின் படுத்த படுக்கை. ஊர்க்காரங்க என்ன முடிவுக்கு வந்தாங்கன்னா, செத்தவங்கள்ல ஒருத்தர் கல்லறைக்குள்ள இருந்துக்கிட்டே உயிரோட இருக்கிற சொந்தத்தை சாப்பிடுறாங்கன்னு. மார்ச் மாசம் தோண்டினாங்க. மத்த ரெண்டு உடம்பும் எலும்பாயிருந்துச்சு, மெர்ஸி மட்டும் கெடாம இருந்தா. கடுங்குளிர் காலத்துல செத்த பொண்ணு, கெடாமத்தான் இருப்பா. இதயத்தை எடுத்து எரிச்சு அந்த சாம்பலைக் கலக்கி அண்ணன் எட்வினுக்குக் குடிக்கக் குடுத்தாங்க. ரெண்டு மாசத்துக்குள்ள அவனும் போயிட்டான்.

இது நடந்தப்ப ராபர்ட் கோக்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி பெர்லின்ல 1882 மார்ச் 24ஆம் தேதி டி.பி. கிருமியை அறிவிச்சு பத்து வருஷம் ஆயிருந்துச்சு. டியூபர்குலோசிஸ்ங்கற பேரை ஷோன்லைன்ங்கற ஜெர்மன் டாக்டர் 1830கள்லயே வச்சுட்டார். ஆனா பேரு மாறினா பயம் மாறுமா. அந்த ஊர்க்காரங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஒரு வீட்டுல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உருகிப் போறதைப் பார்க்கறவங்க எதையாவது பிடிச்சுக்கத்தான் செய்வாங்க.

ஜனவரி 20, 2025

வளையல் ஓடுச்சுன்னு மேல எழுதினதுல இருந்து ஒண்ணு மனசுல சுத்திக்கிட்டே இருக்கு. ஐரோப்பால 19ஆம் நூற்றாண்டுல இந்த நோயை காதல் நோயாவும் கவிஞர் நோயாவும் பார்த்தாங்க, வெளுத்த முகம், ஒடிஞ்ச இடுப்பு, அது அழகுன்னு ஃபேஷனே ஆச்சு. இசைக் கலைஞர் ஷோப்பன் 1849ல, நாவல் எழுதின ப்ரான்டி சகோதரிகள்ல எமிலி 1848ல, ஆன் 1849ல இந்த நோயில போனாங்க. நம்ம சினிமாலயும் ரொம்ப காலம் கைக்குட்டையில ஒரு துளி ரத்தம் காட்டினா போதும், தியேட்டரே அழும்.

நம்மகிட்ட நோய் இல்லாமலே அந்த மெலிவு இருக்கு, பசலை. தலைவன் வரல, இவ மேனி வெளுக்குது, வளை நெகிழுது. குறுந்தொகை 27ல வெள்ளிவீதியார் அதை எப்படி சொல்றாங்க பாருங்க: பசலை உணீஇயர் வேண்டும். என் அழகை பசலை உண்ண நினைக்குதுங்கறாங்க. நல்ல பசுவோட பாலு கன்னுக்குட்டிக்கும் போகாம, கறக்கற பாத்திரத்துலயும் விழாம, மண்ணுல ஊத்தி வீணாப் போற மாதிரி, எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்லன்னு. உண்ணுதல்! இங்கிலீஷ்காரன் லத்தீன்ல இருந்து கடன் வாங்கறதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடி ஒரு பொம்பளை நேராவே சொல்லிட்டாங்க.

ஆனா ஒண்ணு, மெலிவு அழகுங்கறதை நான் ஏத்துக்கவே மாட்டேன். படுத்துக் கிடந்தவளுக்குத் தெரியும். புதுமைப்பித்தன் 1948ல திருவனந்தபுரத்துல இந்த நோயில போனார், அவருக்கு வயசு 42, அதுல என்ன அழகு இருக்கு.

ஜனவரி 24, 2025

ராமானுஜன் பேரும் வந்திருக்கு, கணக்கு மேதை, கன்சம்ப்ஷன்ல இறந்தவர்னு. அப்படித்தான் அப்ப இங்கிலாந்து டாக்டர்கள் வைத்தியம் பார்த்தாங்க. 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சேத்துப்பட்டுல 32 வயசுல இறந்தார். ஆனா 1994ல யங்ங்கற டாக்டர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசி, டி.பி. இல்ல, ஈரல்ல அமீபா தாக்குன நோயா இருக்கத்தான் வாய்ப்புன்னு எழுதினார். அது குணப்படுத்தக் கூடிய நோய் அப்பவே. மெலியற எல்லாத்துக்கும் ஒரே பேர் வச்சா இந்த ஆபத்தும் இருக்கு.

ராமானுஜன் இங்கிலாந்துல இருந்த சானடோரியங்கள்ல ஒண்ணு மெண்டிப் மலைல இருந்தது, அதை நடத்தினவர் டாக்டர் சௌரி முத்து, நம்ம ஊர்க்காரர். அவர்தான் திரும்பி வந்து 1928ல தாம்பரத்துல சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயில்ல தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பேரு தாம்பரம் சானடோரியம்னு இருக்கே, தினம் எத்தனை ஆயிரம் பேர் அந்த பேரைக் கேட்டுக்கிட்டே இறங்கறாங்க, பாதிப் பேருக்கு அது ஆஸ்பத்திரிங்கறதே தெரியாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து இல்லாத காலத்துல அதுதான் வைத்தியம். டி.பி. மருந்துகள்ல ஸ்ட்ரெப்டோமைசின் 1943லதான், ஐசோனியசிட் 1952ல வந்துச்சு.

அதே சேத்துப்பட்டுல 1956ல ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து. வாலஸ் ஃபாக்ஸ்ங்கற பிரிட்டிஷ் டாக்டர் தலைமை. ஏழை நோயாளிகள்ல ஒரு பகுதியை சானடோரியத்துல வச்சாங்க, இன்னொரு பகுதியை நெரிசலான அவங்க வீட்டுலயே வச்சு அதே மாத்திரை குடுத்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு: வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, வீட்டுல கூட இருந்தவங்களுக்கு அதனால கூடுதலா நோய் பரவவும் இல்ல. உலகம் முழுக்க சானடோரியம் மூடினதுக்கு பெரிய காரணம் இந்த சென்னை ஆராய்ச்சி. நான் என் மாடி ரூம்லயே இருந்துக்கிட்டு மாத்திரை சாப்பிட முடிஞ்சதும் அதனாலதான். பெருமையா சொல்லிக்கணும் நாம இதை, ஸ்கூல் பாடத்துலயே வைக்கணும்.

ஜனவரி 27, 2025

நுகர்வுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டதுக்கு வேரை வச்சு மட்டும் பதில் சொன்னா போதாதுன்னு ரெண்டு நாளா தோணுது.

சென்னை ஆராய்ச்சில வீட்டு நோயாளிகளோட சாப்பாடு சானடோரியம் சாப்பாட்டை விட மோசம், ஆனாலும் குணமானாங்க. அதனால மருந்து இருந்தா சாப்பாடு பெரிய விஷயம் இல்லன்னு ரொம்ப வருஷம் ஒரு நினைப்பு ஓடுச்சு. ஜார்க்கண்ட்ல நடந்த ஆராய்ச்சியோட முடிவு 2023ல வந்து அந்த நினைப்பை அசைச்சுச்சு. நோயாளி வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்கு மாசா மாசம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை குடுத்தாங்க, வேற எதுவும் இல்ல. குடுக்காத வீடுகளோட ஒப்பிட்டா அந்த வீடுகள்ல புதுசா டி.பி. வர்றது 39 சதவீதம் குறைஞ்சுச்சு, பரவக்கூடிய வகை டி.பி. 48 சதவீதம். நோயாளிங்கள்லயும் முதல் ரெண்டு மாசத்துல எடை ஏறினவங்க சாகறது ரொம்பக் குறைவு. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனா யார் வீட்டுக்குள்ள அது நுழையும்ங்கறதை சட்டிதான் முடிவு பண்ணுது.

இப்ப என் பாடத்துக்கு வாங்க. அரசாங்கம் எடுக்கற வீட்டு நுகர்வுச் செலவு கணக்கெடுப்பு, 2022-23ல கிராமத்துல ஒரு ஆளுக்கு மாசம் சராசரி 3,773 ரூபா, நகரத்துல 6,459 ரூபா. இது சராசரிதான், அடில இருக்கிறவங்க கணக்கு இதுக்கு ரொம்பக் கீழ. உலகத்துல டி.பி. வர்ற நாலு பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தர் இந்தியாவுல. கன்சம்ப்ஷன் எங்க குறைவோ அங்கதான் கன்சம்ப்ஷன் அதிகம். ஒரே வார்த்தையை ஒரே வாக்கியத்துல ரெண்டு அர்த்தத்துல வச்சு எழுதினா இந்த உண்மை வருது, தமிழ்ல அது வராது, ஏன்னா நாம ஒண்ணை பொருளாதார டிபார்ட்மென்ட்டுக்கும் இன்னொண்ணை ஆஸ்பத்திரிக்கும் பிரிச்சுக் குடுத்துட்டோம். சாப்பிடக் கிடைக்காத உடம்பைத்தான் அது சாப்பிடுது.

தமிழ்நாட்டுல 2022ல தொடங்கின காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைப் புரிஞ்சுக்கிட்டு பண்ணது. டி.பி.ன்னு தெரிஞ்ச உடனே எடை, மூச்சு, நிக்க முடியுதான்னு பார்த்து, ரொம்ப மெலிஞ்சவங்களை உடனே ஆஸ்பத்திரில சேர்த்துடறாங்க. எனக்கு வந்தப்ப என்னை யாரும் எடை மெஷின்ல ஏத்தி அந்தக் கண்ணோட பார்க்கல.

ஜனவரி 29, 2025

பரிட்சைக்கு என்ன எழுதறதுன்னு கேட்டதுக்கு: நுகர்வுன்னே எழுதுங்க, மார்க் போடறவங்களுக்கு அதுதான் தெரியும். வரையறைல மட்டும் "பயன்பாட்டைத் தீர்த்தல்"னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க.

பிப்ரவரி 2, 2025

யாழ்ப்பாணத்துல இருந்து ஒருத்தர் எழுதியிருக்கார், அங்க கன்சியூமருக்கு பாவனையாளர்னும் சொல்லுவாங்கன்னு. ஆமா, பாவனைன்னா இலங்கைத் தமிழ்ல உபயோகம். நம்ம பக்கம் பாவனைன்னா நடிப்பு, அபிநயம்னு போயிடும், அதனால இங்க எடுபடாது, ஆனா பொருளுக்கு அது ரொம்ப பொருத்தம், மின்சாரப் பாவனை, நீர்ப் பாவனைன்னு சொன்னா உபயோகிச்சுத் தீர்க்கறது தெரியுது.

மலேசியால இன்னொண்ணு, பயனீட்டாளர். பினாங்கு பயனீட்டாளர் சங்கம்னு பிரபலமான அமைப்பே இருக்கு. பயனை ஈட்டுறவர். அந்த பிரெஞ்சுக்காரர் சே சொன்னதுக்கு நேர் எதிர்! அவருக்கு கன்சம்ப்ஷன்னா பயனை அழிக்கிறது, மலேசியத் தமிழருக்கு பயனைச் சம்பாதிக்கிறது. ஒரு சட்டிச் சோறு தீர்ந்துபோச்சுன்னு பார்க்கறவர் ஒருத்தர், அது தெம்பாச்சுன்னு பார்க்கறவர் இன்னொருத்தர், ரெண்டும் ஒரே சாப்பாடுதான். நோயில இருந்து எழுந்தவளுக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, நிலத்தடி நீர் கணக்கு போடறப்ப முதலாவது.

அடுத்த செமஸ்டர்ல நுகர்வோர், பாவனையாளர், பயனீட்டாளர் மூணையும் போர்டுல எழுதிட்டுத்தான் அந்த பாடத்தை ஆரம்பிக்கப் போறேன். வளைகுடாலயோ தென் ஆப்பிரிக்காலயோ வேற சொல் புழங்குச்சுன்னா எழுதுங்க, அதையும் சேர்த்துக்கறேன்.